பெர்லினில் முதல் மாதம்: தபால் பெட்டியில் யார் பெயர்?

பெர்லினுக்குப் படிக்க வருகிறவர்களின் பெட்டியைத் திறந்தால் கம்பளிச் சட்டையும் சாம்பார் பொடியும் ஊறுகாயும் நிறைந்திருக்கும். அக்டோபர் குளிரை இவற்றைக் கொண்டே சமாளித்துவிடலாம். முதல் மாதத்தில் என்னைத் திணறடித்ததெல்லாம் காகிதம்தான்.

இங்கே அடுக்குமாடிக் கட்டடங்களில் பெரும்பாலும் வீட்டுக்குக் கதவு எண் கிடையாது. முகவரி என்றால் தெருவும் கட்டட எண்ணும் மட்டுமே. கீழே வரிசையாக இருக்கும் தபால் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் கடிதம் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். இதைத் தெரிந்துகொண்டு நான் என் பெயரை எழுதி ஒட்டினேன். ஆனால் என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர். ஜெர்மானியர் கணக்கில் அதுதான் நான். வங்கி அட்டை ஒரு உறையிலும் அதன் ரகசிய எண் இன்னொரு உறையிலுமாக அப்பா பெயரைத் தேடி வந்து, காணாமல் திரும்பிப் போயின. மூன்று வாரம் கையிலிருந்த ரொக்கத்தில் ஓட்டினேன். பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயரையும் வந்த அன்றே ஒட்டிவிடுங்கள், அழைப்பு மணியிலும்கூட.

அடுத்தது அன்மெல்டுங் எனப்படும் முகவரிப் பதிவு. குடிவந்த இரண்டு வாரத்துக்குள் பியூர்கராம்ட் எனப்படும் குடிமக்கள் சேவை அலுவலகத்தில் இதைச் செய்ய வேண்டும் என்பது சட்டம். வரி எண் கடிதத்தில் தொடங்கிப் பல வேலைகள் இந்தப் பதிவுக்குப் பிறகுதான் நகரும். வந்து இறங்கி, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாக அந்த அலுவலகத்தில் நேரம் கேட்கலாம் என்று நினைப்பதுதான் தவறு. நேரம் கிடைப்பது அவ்வளவு அரிது. பெர்லினில் எந்த வட்டாரத்து அலுவலகத்திலும் பதியலாம் என்பதால் வீட்டருகே மட்டும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். வாடகை ஒப்பந்தத்தை நீட்டினால் அங்கே போதாது. நீங்கள் குடிவந்ததை வீட்டுக்காரர் உறுதிசெய்து கையெழுத்திட்ட தனிப் படிவம் வேண்டும். அதன் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். ‘அறை தருகிறேன், ஆனால் இந்த முகவரியில் பதியக் கூடாது’ என்று யாராவது சொன்னால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது உங்களுக்கான அறை இல்லை.

அறை தேடும் அவசரத்தில்தான் பணமும் பறிபோகிறது. ‘நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்’ என்பது அரதப் பழசான மோசடி; ஒவ்வொரு அக்டோபரிலும் அதற்கு ஆள் கிடைக்கிறார்கள். முன்பணம் மூன்று மாதக் ‘குளிர் வாடகை’யைத் தாண்டக் கூடாது, அதையும் மூன்று தவணைகளில் கட்டச் சட்டத்தில் இடமுண்டு. குளிர் வாடகை என்பது வெறும் அறைக்கானது. சூடேற்றும் செலவு, தண்ணீர், குப்பை எல்லாம் சேர்ந்தால் ‘சூட்டு வாடகை’. விளம்பரத்தில் எது போட்டிருக்கிறது என்று பார்க்காமல் கணக்குப் போட்டால் உதைக்கும்.

விசாவுக்காக, ஒரு வருடச் செலவுக்கென முடக்கி வைக்கும் கணக்கில் 11,904 யூரோ போட்டுவிட்டோமே என்று வெறுங்கையோடு வருவதும் பலர் செய்வது. அந்தப் பணம் மாதம் 992 யூரோவாகத்தான் கசியும்; அதுவும் இங்கே வங்கிக் கணக்கு திறந்து, அதை இணைத்த பிறகு. எனவே முதல் இரண்டு மாதச் செலவுக்குத் தனியாகப் பணம் எடுத்து வாருங்கள்.

காப்பீட்டு விஷயத்தில் செய்யும் தவறைத் திருத்தவே முடியாது. 30 வயதுக்குட்பட்ட மாணவர்கள் அரசுசார் மருத்துவக் காப்பீட்டில் மாணவர் கட்டணத்தில் சேரலாம். தனியார் காப்பீடு மலிவாக இருக்கிறதே என்று அரசுசார் காப்பீட்டிலிருந்து விலக்குப் பெற்றுக்கொண்டால், படிப்பு முடியும்வரை அந்த விலக்கைத் திரும்பப் பெற வழியில்லை. சில நூறு யூரோ மிச்சம் பிடித்துவிட்டு, பல் வலி வந்த பிறகு வருந்துபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தொலைக்காட்சியே இல்லாத உங்களுக்கு ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். விளம்பரம் என்று கிழித்துப் போடாதீர்கள். மாதம் 18.36 யூரோ, வீடு ஒன்றுக்கு, தலைக்கு அல்ல. கூட இருப்பவர் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தால், அவருடைய கட்டணக் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்பிவிட்டால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்காது. இதை எல்லோரும் சொல்லி அனுப்புவார்கள். 1990-இல் இரு ஜெர்மனிகளும் இணைந்த நாளான அக்டோபர் 3 தேசிய விடுமுறை என்பதைச் சொல்ல மாட்டார்கள். அது சனிக்கிழமையிலோ திங்கட்கிழமையிலோ விழுந்தால் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் கடை இருக்காது. அப்போது மத்திய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள்தான் கதி. ரயிலென்றால், இங்கே நுழைவாயிலில் தடுப்பு ஏதும் இல்லை. டிக்கெட்டை வாங்கியவுடன் நடைமேடையில் உள்ள பெட்டியில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் பரிசோதகருக்கு ஒன்றுதான்: 60 யூரோ.

வகுப்பு 10 மணி என்று போட்டு அருகே சி.டி. என்று இருந்தால் 10.15-க்குத் தொடங்கும் என்று பொருள். முன்கூட்டியே போய் நிற்பதால் நட்டமில்லை. தேர்வுக்குத் தனியே பதிய வேண்டும் என்பதை மறந்தால்தான் நட்டம். வகுப்புக்கு ஒருநாள் தவறாமல் போயிருந்தாலும், பதிவுக் கெடு தாண்டிவிட்டால் பெரும்பாலான பாடங்களில் தேர்வு எழுத முடியாது.

வீட்டுக் கதவின் வெளிப்பக்கம் பெரும்பாலும் திருகாத குமிழ்தான் இருக்கும். கதவு சாத்திக்கொண்டால் சாவியின்றித் திறக்காது. விடுமுறை நாளில் பூட்டுத் திறப்பவரைக் கூப்பிட்டால் மாதச் சாப்பாட்டுக் காசு போய்விடும். குப்பை கொட்ட இறங்கினாலும் சாவி கையில் இருக்கட்டும். நான் ஒரு ஞாயிறு மாலை, காலியான குப்பைக் கூடையும் வீட்டுச் செருப்புமாகக் கீழ்ப்படியில் இரண்டு மணி நேரம் அறைத்தோழனுக்காக உட்கார்ந்திருந்தேன். எதிரே தபால் பெட்டியில் அப்பாவின் பெயர், முந்தின நாள்தான் ஒட்டியது, ஓரத்தில் லேசாகப் பிரிந்துகொண்டிருந்தது. எழுந்து போய் அழுத்தி ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.