ஆக்ஸிஸ் அண்ட் அல்லீஸ் 1942: ரஷ்யாவை எப்படி காப்பாத்துறது

ரெண்டாம் உலகப்போர வெச்சு பகடை உருட்டி ஆடுற இந்த போர்டு கேமோட 1942 ரெண்டாவது எடிஷன்ல சோவியத் எடுத்தா முதல் ரவுண்டுல கையில 24 காசு இருக்கும், அதுல டேங்க் வாங்கணும்னு கை அரிக்கும், தயவுசெஞ்சு வாங்காதீங்க. டேங்க் 6, காலாட்படை 3. அதே 24க்கு நாலு டேங்க், இல்லன்னா எட்டு காலாட்படை. டிஃபென்ஸ்ல ஹிட் ஆக, அதாவது எதிரியோட ஒரு படைய அடிக்க, பகடைல டேங்குக்கு 3க்குள்ள விழணும், காலாட்படைக்கு 2க்குள்ள, ஆனா எட்டு பேர் நின்னா சராசரியா ரெண்டரைக்கு மேல ஹிட், நாலு டேங்குக்கு ரெண்டுதான், அதோட அடி வாங்கவும் எட்டு உயிர் இருக்கு.

அப்புறம் எல்லைல எல்லாரையும் குவிக்காதீங்க, அடிக்கிறவன் பாதில பின்வாங்கலாம், தடுக்கிற உங்களால முடியாது. முன்னாடி ஒரே ஒரு காலாட்படைய விடுங்க, காலியா இருந்தா ஜெர்மன் டேங்க் அப்படியே பாஞ்சு அடுத்த இடத்துக்கும் போயிடும், ஒரு ஆள் நின்னாலே சண்டை போட்டு அங்கயே நின்னாகணும். அவன் அப்படி வந்து நின்ன எடத்த பின்னாடி வெச்ச பெரிய படையால அடிங்க, இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி.

காக்கசஸ் போனா போகட்டும், மாஸ்கோ போகக்கூடாது. பிரிட்டன், அமெரிக்கா ஆடுறவங்கள கெஞ்சியாவது ஃபைட்டர் விமானங்கள மாஸ்கோல இறக்க சொல்லுங்க, டிஃபென்ஸ்ல அதுக்கு 4க்குள்ள விழுந்தா ஹிட்.