வீட்டுப் பெரியவர்களிடம் மதச்சார்பற்ற அரசைப் பற்றிப் பேசுவது எப்படி

கடவுள் இருக்கிறாரா இல்லையா என்று ஆரம்பிக்காதீர்கள். அங்கே தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும், ஆத்தா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்கள். பிள்ளையார் நோன்புக்கு வருஷம் தவறாமல் இழை எடுக்கும் வீடு எங்களுடையது. அதை விடச் சொல்லி நான் பேசியதே இல்லை. அரசு எந்த மதத்தின் பக்கமும் சாயக்கூடாது என்று சொல்ல நாத்திகராக இருக்க வேண்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாதிக் கோபம் அடங்கும்.

அப்புறம் காசுக் கணக்குக்கு வாருங்கள். செட்டிநாட்டில் இதற்கு நல்ல பிடி புள்ளி வரி. கல்யாணம் ஆனால் ஒரு புள்ளி. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் நகரக் கோவில் செலவுக்கு அந்தக் கோவிலைச் சேர்ந்த புள்ளிகள் வரி கொடுக்கிறார்கள். அப்பச்சியிடம் (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கேட்டேன்: “நம்ம கோவில் திருப்பணிக்குப் பக்கத்துத் தெரு பாய் வீட்டில் போய்ப் புள்ளி வரி கேட்போமா?”

“அதெப்படி, அவுக நம்ம புள்ளியா?”

“சரி, அரசாங்க வரி யார் கொடுக்கிறார்கள்?”

சோப்பு வாங்கினாலே வரி. அதில் பாய் காசும் இருக்கிறது, மாதா கோவிலுக்குப் போகிறவர் காசும் இருக்கிறது, எந்தக் கோவிலுக்கும் போகாதவர் காசும் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்க்கவென்றே ஒதுக்கும் வரியைக் கட்டச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது அரசியல் சட்டத்தின் 27ஆவது பிரிவு. பிரிவு எண்ணைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் சொன்னால் வக்கீல் பேச்சாகிவிடும்.

“நாமதானே இங்கே அதிகம்?” என்பார்கள். நம் முன்னோர் லேவாதேவிக்கு, அதாவது வட்டித் தொழிலுக்குப் போன ஊர்களை நினைவுபடுத்துங்கள். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் நகரத்தார் தண்டாயுதபாணி கோவில் கட்டி முடித்தது 1859இல். அங்கே நாம் சிறு கூட்டம். அந்த ஊர் அரசு நம்மிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விரும்புவோமோ, அப்படித்தான் இங்கே மற்றவர்களும் விரும்புவார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட வலுவான வாதம் கிடையாது.

1949 அக்டோபர் 17ஐயும் சொல்லுங்கள். அன்று அரசியல் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையில், அதன் முகப்புரையைக் “கடவுளின் பெயரால்” என்று தொடங்கலாம் என்றார் உறுப்பினர் காமத். இது நம்பிக்கையில் கட்டாயம் ஆகாதா என்று கேட்டார் இன்னொரு உறுப்பினர் தாணு பிள்ளை. 41க்கு 68 என்று திருத்தம் தோற்றது. அந்தச் சபையில் பக்தர்களுக்குப் பஞ்சமில்லை.

அறநிலையத்துறை பற்றிக் கேள்வி வரும், நியாயமான கேள்விதான். கோவிலின் பணம், நிர்வாகம் போன்றவற்றை ஒழுங்குபடுத்த 25ஆவது பிரிவே இடம் தருகிறது. கணக்குப் பார்ப்பது வேறு, அரசே பூசை நடத்துவது வேறு. கணக்கு பார்ப்பதிலும் தப்பு நடந்தால் கேட்க வேண்டியதுதான்.

பகுத்தறிவை வீட்டு விஷயத்தில் பழக்குவது எளிது. பூக்கட்டிப் பார்த்து வந்தால், அம்மன் கொடுத்த உத்தரவை அன்றைய தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பலித்ததையும் எழுதட்டும், பலிக்காததையும் எழுதட்டும். நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள், நோட்டு அவர்கள் கையிலேயே இருக்கட்டும்.

அரசுப் பள்ளியில் மதபோதனை கூடாது என்பது 28ஆவது பிரிவு. உதவி பெறும் பள்ளி என்றால், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை வழிபாட்டில் நிறுத்த முடியாது. அப்படி ஏதாவது நடந்தால் ஆண்டு விழா மேடையில் கேட்காதீர்கள். மறுநாள் தலைமையாசிரியரைத் தனியாகப் பாருங்கள். கையில் ஒரு கடிதம் இருக்கட்டும், முடிந்தால் வேறு மதத்துப் பெற்றோர் ஒருவரையும் கூட்டிப்போங்கள்.