டென்மார்க்குக்கு ஒரு செமஸ்டர் போகிறீர்களா?

கோபன்ஹேகன் பக்கம் லுங்பியில் உள்ள டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் பரிமாற்ற மாணவராகப் போகிறவர்கள், திரும்பும் டிக்கெட்டை டிசம்பரிலேயே போட்டுவிடாதீர்கள். அங்கே 13 வார வகுப்பு, தேர்வுகள் முடிந்ததும் ஜனவரியில் 3 வாரப் பாடம் ஒன்று வரும். ஒரே பாடம், முழுநேரம், பெரும்பாலும் குழுவேலை. அதைத் தவறவிட்டால் நஷ்டம்தான்.

அறை பிடிக்கும்போது, அந்த முகவரியில் பதிவு செய்ய முடியுமா என்று முதலில் கேளுங்கள். சிபிஆர் எண்ணுக்கு (அங்கே வசிப்பவர்களுக்குத் தரும் அடையாள எண்) முகவரி வேண்டும்; மஞ்சள் மருத்துவ அட்டை அதற்கு அப்புறம்தான்.

மதிப்பெண்ணில் 02 வந்தால் பயப்பட வேண்டாம், அது பாஸ். உச்சம் 12. பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நமக்கு நாக்கு கொஞ்சம் தடுமாறும்! சரி, சைக்கிள் வாங்கினால் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம்.