கொழுக்கட்டைப் புல் காட்டுக்கு உரம்: எதை, எப்போது, எவ்வளவு?

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் கொழுக்கட்டைப் புல்லும், முயல் மசால் என்ற பயறு வகைத் தீவனச் செடியும் கலந்து நிற்கும் மேய்ச்சல் காடு வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். உழவு, விதைப்பு, வேலியெல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக உரத்துக்குப் போவோம்.

1. மண் பரிசோதனை. கிருஷி பவனில் (கேரள அரசின் வேளாண் அலுவலகம்) கேட்டால் வழி சொல்வார்கள்.

2. மணிச்சத்து (பாஸ்பரஸ்). மழை தொடங்கும்போது ஏக்கருக்கு ஒரு மூட்டை சூப்பர் பாஸ்பேட். டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) வேண்டாம் என்பேன். சூப்பரில் கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தே வரும், மசாலுக்கு அது பிடிக்கும்.

3. யூரியா. கோளாறே இங்கேதான். போட்டதும் புல் கரும்பச்சையாக எழும், புல்லின் புரதமும் கூடும். ஆனால் ஓங்கிய புல்லின் நிழலில் மசால் சுருங்கிப்போகும். வேர் முடிச்சு வழியாகக் காற்றிலிருந்தே தழைச்சத்து (நைட்ரஜன்) எடுக்கும் செடி அது. தீவனத்தில் புரதத்தைத் தூக்கிப் பிடிப்பதும் அதுதான். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையப் புல்வெளியில் 1856 முதல் நடக்கும் சோதனையிலும் இதே கதை: தழைச்சத்து தொடர்ந்து போட்ட பாத்திகளில் பயறு வகைச் செடிகள் அருகின, மணிச்சத்தும் சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) மட்டும் போட்டவற்றில் பெருகின.

அதனால் மசால் கலந்த பக்கம் யூரியாவே வேண்டாம். தனிப் புல் நிற்கும் பக்கம் மட்டும், ஒவ்வொரு அறுப்புக்கும் பிறகு, ஈரம் இருக்கும்போது சென்டுக்கு 200 கிராம். அப்புறம் மூன்று நான்கு வாரம் மாட்டை விடாதீர்கள். வறட்சியில் வாடி, மழை கண்டு சட்டென்று துளிர்த்த புல்லில் மாட்டுக்கு நஞ்சாகும் நைட்ரேட் ஏறியிருக்கும், அதுவும் அடித்தண்டில்தான் அதிகம். அப்படிப்பட்ட புல்லை ஒரு வாரம் அப்படியே நிற்கவிட்டு, அடியை விட்டு உயர்த்தி அறுங்கள். மேய்ந்த மாடு மூச்சு வாங்கி, ஈறு நீலம் பாய்ந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஆய்வக அறிக்கையில் வரும் ‘கச்சாப் புரதம்’ தழைச்சத்தை 6.25 ஆல் பெருக்கிய கணக்கு. யூரியா காட்டில் அந்த எண் முழுவதும் உண்மைப் புரதம் என்று நம்பிவிடாதீர்கள்.

4. அறுப்பு. கதிர் தலைகாட்டும் முன்பே அறுத்துவிடுங்கள். கதிர் முற்றினால், எத்தனை மூட்டை போட்டிருந்தாலும் நார்தான்.

பின்சேர்க்கை: கோபர் கேஸ் (சாண எரிவாயு) தொட்டியிலிருந்து வரும் கரைசலைப் புல்லுக்கு விடலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். தாராளமாக. ஆனால் ஒரே துண்டில் திரும்பத் திரும்ப விட்டால் சாம்பல் சத்து மிஞ்சி, புல் மெக்னீசியத்தைக் குறைவாக எடுக்கும். இடம் மாற்றி விடுங்கள், மாட்டுக்குக் கொடுக்கும் தாது உப்பையும் நிறுத்தாதீர்கள். கரைசலை அறுத்த கட்டையில்தான் விட வேண்டும். நிற்கிற புல்லில் விட்டால் சாணி வாடைக்கு மாடு முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும்.