கோச்சும் ஜி.எம்.மும் மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் லீக் ஆட்டங்கள் முடிந்த மறுநாளுக்குக் கறுப்புத் திங்கள் என்று பெயர். கோச்கள் வரிசையாக வேலை இழக்கும் நாள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் புதிதாக இந்த ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தவர்கள் அன்று மதியத்துக்குள் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஒரு காலத்தில் நானும் எழுதித் தள்ளிய அதே தீர்ப்புகள்தான். அரிச்சுவடியை விட்டுவிடுகிறேன், ஆளைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பவர் ஜெனரல் மேனேஜர் (ஜி.எம்.), ஆடவைப்பவர் கோச் என்று தெரிந்தால் போதும்.

இடைக்கால கோச்சின் வெற்றிக் கணக்கை நம்புவது

ரைடர்ஸ் அணி இதில் இரண்டு பக்கமும் அடிவாங்கியது. 2021 சீசன் நடுவில் ஜான் குருடன் ராஜினாமா செய்ய, ரிச் பிசாச்சியா பொறுப்பேற்று 7-5 (ஏழு வெற்றி, ஐந்து தோல்வி) என்று முடித்து பிளேஆஃப் (லீக் ஆட்டங்களுக்குப் பின் வரும் நாக்-அவுட் சுற்று) வரை கொண்டுபோனார். அவரை நிரந்தரமாக்கவில்லை. ஜாஷ் மெக்டேனியல்ஸ் வந்தார். 2023 அக்டோபர் கடைசியில் ஜி.எம். டேவ் சீக்ளரோடு சேர்ந்து போனார். அடுத்த இடைக்கால கோச் அன்டோனியோ பியர்ஸ், 5-4. சரி, இந்த முறையாவது கொடுத்துப் பார்ப்போம் என்று வேலையைக் கொடுத்தார்கள். 4-13. ஒரே வருடத்தில் அவரும் வெளியே. ஒன்பது ஆட்டங்களில் தெரிவது புது ஆளின் திறமையா, பழைய ஆள் போன நிம்மதியா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

போகப்போகிற கோச்சின் கையில் புது குவாட்டர்பேக்கைக் கொடுப்பது

உண்மையில் இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். குவாட்டர்பேக் என்றால் பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர். "கோச்சுக்கு இன்னும் ஒரு வருஷம் கொடுக்கலாம், புதுப் பையனோடு என்ன செய்கிறார் பார்ப்போம்" என்று யாராவது எழுதினால் நான் சிகாகோ பேர்ஸ் கதையை எடுத்துவிடுவேன். குழுவில் பாதிப் பேர் என்னை மியூட்டில் வைத்திருப்பதாகக் கேள்வி.

2015 ஜனவரியில் ரையன் பேஸ் ஜி.எம். ஆனார், ஜான் ஃபாக்ஸ் கோச் ஆனார். முதல் சீசன் 6-10, அடுத்தது 3-13. ஃபாக்ஸின் நாற்காலி அப்போதே ஆட்டம் கண்டுவிட்டது. 2017 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) மூன்றாவது இடத்திலிருந்து இரண்டாவதுக்கு, ஒரே ஒரு படி ஏற, கூடுதலாக மூன்று தேர்வு வாய்ப்புகளைக் கொடுத்து குவாட்டர்பேக் மிட்ச் ட்ருபிஸ்கியை எடுத்தார்கள். எதிர்ப்பக்கம் பேரத்தை முடித்தவர், டிவி வர்ணனையை விட்டு ஜி.எம். வேலைக்கு வந்து மூன்றே மாதமான சான் பிரான்சிஸ்கோவின் ஜான் லிஞ்ச். அதே டிராஃப்டில் பத்தாவதாகப் போனவர், பிற்பாடு பெரிய நட்சத்திரமான குவாட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸ். அந்த வயிற்றெரிச்சல் தனி. ஆளைத் தப்பாக எடுப்பது யாருக்கும் நடக்கும். என் கோபம் அதற்கு அடுத்தது. 2018 ஜனவரி 1 அன்று ஃபாக்ஸை அனுப்பிவிட்டார்கள். பையன் ஒரு வருடம் உட்கார்ந்து படித்த பிளேபுக்கும் (ஆட்ட உத்திகளின் தொகுப்பு) அவரோடு போனது.

அடுத்து வந்த மேட் நாகி முதல் சீசனிலேயே 12-4 எடுக்க, எல்லாம் மறந்துபோயிற்று. 2020ல் 8-8. ஆனாலும் ஓனர் தரப்பு பேஸ், நாகி இருவரையும் தக்கவைத்தது. வேலை தப்ப வேண்டுமே! 2021ல் அடுத்த வருட முதல் சுற்றுத் தேர்வையும் சேர்த்து ஜயன்ட்ஸுக்குக் கொடுத்து, 11வது இடத்துக்கு ஏறி ஜஸ்டின் ஃபீல்ட்ஸை எடுத்தார்கள். 2022 ஜனவரி 10 அன்று இருவரையும் ஒன்றாக நீக்கினார்கள். புது ஜி.எம். ரையன் போல்ஸ் வந்து பார்த்தால் அந்த வருடம் முதல் சுற்றில் அவருக்குத் தேர்வே இல்லை. காலி செய்யப்போகிற குடித்தனக்காரரைக் கேட்டுச் சமையலறைக்கு டைல்ஸ் வாங்கிவிட்டு, அடுத்து வருபவரிடம் பில்லை நீட்டியது போலத்தான்.

போல்ஸாவது இதைப் பார்த்துத் திருந்தியிருக்க வேண்டும். 2024ல் டிராஃப்டின் முதல் தேர்வே கையில்; கேலப் வில்லியம்ஸை எடுத்தார். கோச்? 3-14, 7-10 என்று இரண்டு சீசன் முடித்திருந்த மேட் எபர்ஃப்ளஸ்.

நவம்பர் 28, தேங்க்ஸ்கிவிங் நாள், டெட்ராய்ட். பேர்ஸ் 20-23 என்று பின்னால். ஒரு ஃபீல்ட் கோல் அடித்தால் சமன். வில்லியம்ஸ் சாக் ஆகி (பந்தை எறிவதற்குள் எதிரணி மடக்கி) விழுகிறார், அரை நிமிடம்போல மிச்சம், கடிகாரம் ஓடுகிறது. டைம்-அவுட் ஒன்று பாக்கி. கோச் ஓரத்தில் நிற்கிறார், அதைக் கேட்டு வாங்கவில்லை. அடுத்த முயற்சிக்குப் பந்து கைக்கு வரும்போது ஆறு விநாடிதான் இருந்தது. நீளமாக எறிந்தார், யாரும் பிடிக்கவில்லை. டைம்-அவுட் செலவாகாமலே ஆட்டம் முடிந்தது. மறுநாள் காலை எபர்ஃப்ளஸ் நிருபர்களிடம் பேசிவிட்டுப் போன சற்று நேரத்தில் நீக்கச் செய்தி வந்தது. 1920ல் தொடங்கிய அணி, சீசன் நடுவே தலைமை கோச்சை நீக்கியது அதுதான் முதல் தடவை.

முதல் சுற்றில் எடுத்த மூன்று குவாட்டர்பேக்குகள். மூவருக்குமே முதல் சீசன் முடிவதற்குள்ளோ, முடிந்த கையோடோ கோச் மாறிவிட்டார். ஆகவே "கோச் தொடர்கிறார்" என்று ஜனவரியில் செய்தி வந்தால், ஏப்ரலில் குவாட்டர்பேக் எடுக்கப்போகிறார்களா என்று பாருங்கள். எடுப்பதாக இருந்தால் கோச் விஷயத்தை அதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். 2025 ஜனவரியில் பென் ஜான்சனைக் கொண்டுவந்த பேர்ஸ், அந்த ஜூலையில் போல்ஸின் ஒப்பந்தத்தையும் 2029 வரை நீட்டி இருவரையும் ஒரே கணக்கில் கொண்டுவந்தது. இது 2017லேயே தோன்றியிருக்கலாம்.

ஜி.எம். நீடிப்பதைச் சின்ன விஷயமாக நினைப்பது

2025 ஜனவரியில் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் கோச் டக் பீடர்சனை நீக்கிவிட்டு ஜி.எம். ட்ரென்ட் பால்கியை வைத்துக்கொண்டது. அவர்கள் குறிவைத்த லியம் கோயன் 'வேண்டாம்' என்று விலகி, தம்பா பே அணியிலேயே இருக்க ஒப்புக்கொண்டார். அப்புறம் பால்கி வெளியேறினார். இரண்டே நாளில் கோயன் ஜாக்சன்வில் கோச். நல்ல ஆள் வேலையை ஏற்பாரா என்பதைத் தீர்மானிப்பது பல நேரம் சம்பளம் இல்லை, மேலே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான்.

"காண்ட்ராக்ட் பாக்கி இருக்கிறதே, தூக்கமாட்டார்கள்"

தூக்குவார்கள். கரோலினா அணியின் கோச் ஃபிராங்க் ரைக்குக்குக் கிடைத்தது 11 ஆட்டங்கள்.

ஜி.எம். முதலில், கோச் அப்புறம் என்பதை வேதமாக்குவது

பஃபலோ பில்ஸ் 2017 ஜனவரியில் கோச் ஷான் மெக்டெர்மட்டை எடுத்தது. டிராஃப்ட் முடிந்த மறுநாள் ஜி.எம்.மை நீக்கி, மே மாதம் பிராண்டன் பீனைக் கொண்டுவந்தது. எல்லாம் தலைகீழ் வரிசை. ஆனால் இருவரும் கரோலினாவில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். அந்த சீசனிலேயே, 17 வருடம் எட்டாத பிளேஆஃபுக்குப் போனார்கள்.

முதல் சீசனிலேயே முடிவு கட்டுவது

டெட்ராய்ட் லயன்ஸ் 2021 ஜனவரியில் பிராட் ஹோம்ஸ், டேன் கேம்ப்பெல் இருவரையும் எடுத்தது. அந்த வருடம் 3-13-1 (கடைசி எண் சமனான ஆட்டம்). அடுத்த வருடம் முதல் ஏழு ஆட்டங்களில் ஆறு தோல்வி. இருவரையும் தொடவில்லை. 2023ல் 12-5, லீக்கின் ஒரு பாதியான என்.எஃப்.சி.யின் இறுதி ஆட்டம்.