க்ரூஸ் முடிந்து இறங்கும் காலையில் கஸ்டம்ஸில் மாட்டிக்கொள்ளாமல் வெளியே வருவது எப்படி

மயாமியிலிருந்தோ ஃபோர்ட் லாடர்டேலிலிருந்தோ கரீபியன் க்ரூஸ் போகும் நம் ஆட்கள் பலர், ஊர் திரும்பும் விமானத்தைக் காலை ஒன்பதரைக்கோ பத்துக்கோ போட்டுவிடுகிறார்கள். கப்பல் ஆறு மணிக்கே துறைமுகத்துக்கு வந்துவிடும் என்று அட்டவணையில் இருக்கிறது, ஏர்போர்ட்டும் பக்கம்தான், அப்புறம் என்ன என்று ஒரு கணக்கு. கப்பல் வந்து நிற்கிற நேரம் வேறு, நீங்கள் தரையில் கால் வைக்கிற நேரம் வேறு. நடுவில் சிபிபி, அதாவது அமெரிக்காவின் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை இருக்கிறது. பாஸ்போர்ட்டைப் பார்ப்பதும் அவர்கள்தான், பெட்டியில் என்ன என்று கேட்பதும் அவர்கள்தான்.

தாமதம் எங்கே வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் எல்லாத் தாமதமும் ஒரே மாதிரி இல்லை. கப்பலை அதிகாரிகள் கிளியர் செய்யும் வரை ஒருவர்கூட இறங்க முடியாது, அது உங்கள் கையில் இல்லை. டெக்சாஸின் கால்வெஸ்டன் மாதிரித் துறைமுகத்தில் குளிர்காலத்தில் கடல்மூடுபனி இறங்கினால் கப்பலே உள்ளே வராமல் வெளியே காத்திருக்கும், அதுவும் உங்கள் கையில் இல்லை. சில நாட்களில் குறிப்பிட்ட பயணிகளை நேரில் பார்க்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர் பஃபேயில் உட்கார்ந்து தோசை இல்லாத குறைக்கு ஆம்லெட் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இறக்கிவிடும் வேலை அங்கேயே நிற்கும். உங்கள் பெயர் வந்தால் உடனே போய்விடுங்கள். கீழே டெர்மினலில் நிற்கும் வரிசை, தனியறைக்கு அழைத்துப் போய்க் கேட்கும் கேள்விகள், இந்த இரண்டில்தான் நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அதில் பெரும்பகுதியை முந்தின நாளே, சிலவற்றை டிக்கெட் போடும்போதே செய்ய வேண்டும்.

விமானத்திலிருந்து ஆரம்பிப்போம். ஃபோர்ட் லாடர்டேல் துறைமுகத்திலிருந்து அங்குள்ள ஏர்போர்ட்டுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்தான், இருந்தாலும் பகல் பன்னிரண்டுக்கு முன்னால் போடாதீர்கள். மயாமிக்குப் பன்னிரண்டரை என்று வைத்துக்கொள்ளலாம். போர்ட் கனாவெரலிலிருந்து ஆர்லாண்டோ ஏர்போர்ட் ஏறக்குறைய 45 மைல், அங்கே ஒரு மணிக்குப் பிறகு. கால்வெஸ்டனில் இறங்கி ஹியூஸ்டன் புஷ் ஏர்போர்ட்டுக்குப் போகிறவர்கள் இரண்டு மணிக்குக் குறைவாக யோசிக்கவே வேண்டாம், நகரத்தையே குறுக்கே தாண்டிப் போக வேண்டும். ஹாபி ஏர்போர்ட் என்றால் கொஞ்சம் பரவாயில்லை. முன்னால் இருக்கும் விமானம் நாற்பது டாலர் மலிவு என்று அதைப் போடுவது எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை, குழந்தைகளும் வயதான பெற்றோரும் கூட இருந்தால் இன்னும் மோசம்.

அடுத்தது பெட்டி. கடைசி ராத்திரி கப்பலில் வண்ண அட்டை தருவார்கள், அதைக் கட்டிப் பெட்டியைக் கேபின் வாசலில் வைத்துவிட்டால் ஊழியர்கள் எடுத்துப்போய் மறுநாள் டெர்மினலில் அடுக்கி வைப்பார்கள். உங்கள் அட்டையின் எண்ணைக் கூப்பிடும்போது இறங்கிப் போய்ப் பெட்டியைத் தேடி எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு வழி, பெட்டியை நீங்களே இழுத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்குவது. அவசரமாகப் போக வேண்டியவர்களுக்கு இரண்டாவதுதான் சரி. ஆனால் எல்லாப் பெட்டியையும் குடும்பமே ஒரே நடையில் தூக்கிவிட முடிய வேண்டும், லிஃப்ட் காலியாகக் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். முட்டிவலி உள்ள அம்மா அப்பாவோடு போகிறவர்கள் அட்டையே கட்டிவிடுங்கள். வீல்சேர் தேவையென்றால் முந்தின நாளே கெஸ்ட் சர்வீஸஸில் சொல்லி வையுங்கள். காலையில் கேட்டால் அதற்கே தனி வரிசை.

வாசலில் வைக்கிற பெட்டிக்குள் பாஸ்போர்ட், கிரீன் கார்டு, மாத்திரை, மறுநாள் போடும் துணி, செருப்பு எதுவும் போகக்கூடாது. எல்லாவற்றையும் கட்டி அனுப்பிவிட்டு லுங்கியும் பனியனுமாக அமெரிக்க அதிகாரி முன்னால் போய் நிற்கிற காட்சி கேட்கச் சிரிப்பாக இருக்கும், நிற்கிறவருக்கு இருக்காது.

இப்போது காகிதங்கள். நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. அமெரிக்கக் குடிமக்களுக்கு வேலை சுலபம், பெரும்பாலான துறைமுகங்களில் கேமராவைப் பார்த்து நின்றால் போதும், கப்பல் கம்பெனி முன்கூட்டியே அனுப்பிய பயணிகள் பட்டியலோடு முகத்தை ஒப்பிட்டு அனுப்பிவிடுவார்கள். கிரீன் கார்டுக்காரர்களுக்கும் ஏறக்குறைய அப்படித்தான், அட்டை கையில் இருக்க வேண்டும். விசாவில் இருப்பவர்களை அதிகாரி இருக்கும் ஜன்னலுக்கு அனுப்ப வாய்ப்பு அதிகம். எச்-1பி வேலை விசா என்றால் பாஸ்போர்ட், செல்லுபடியாகும் விசா, ஐ-797 (விசா மனு ஏற்கப்பட்ட அறிவிப்பு) மூலப்பிரதி, கூடவே சமீபத்திய சம்பளச் சீட்டு இரண்டு. எஃப்-1 மாணவர் விசா என்றால் கல்லூரியின் பயணக் கையெழுத்து உள்ள ஐ-20 படிவம். எல்லாம் தோள்பையில், எடுக்கிற இடத்தில். போனில் பிடிஎஃப் இருக்கிறது என்று சொல்லாதீர்கள், அந்த ஹாலில் போனை எடுக்கவே விட மாட்டார்கள்.

ஒரு விஷயத்தை நிறையப் பேர் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். விசா முத்திரை காலாவதியாகியிருந்தாலும், கையில் இருக்கும் ஐ-94 (எந்தத் தேதி வரை தங்கலாம் என்று காட்டும் பதிவு) செல்லுபடியாக இருந்தால், கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ 30 நாட்களுக்குள் போய்த் திரும்பலாம் என்று ஒரு சலுகை உண்டு. அதைக் கேட்டுவிட்டு ‘நாலு நாள் பஹாமாஸ் க்ரூஸ்தானே’ என்று எச்-1பிக்காரர்கள் கிளம்பிவிடுகிறார்கள். பஹாமாஸ், ஜமைக்கா மாதிரிப் பக்கத்துத் தீவுகளுக்கு அந்தச் சலுகை எஃப் (மாணவர்), ஜே (பரிமாற்றத் திட்டம்) விசாக்காரர்களுக்குத்தான், எச்-1பிக்கு மெக்சிகோ, கனடாவோடு சரி. அதனால் உங்கள் கப்பல் மெக்சிகோவின் கோசுமெலோடு திரும்புகிறதா, வழியில் பஹாமாஸின் நசாவிலும் நிற்கிறதா என்பது இங்கே பெரிய வித்தியாசம். முத்திரை முடிந்துபோனவர்கள் டிக்கெட் போடும் முன்பே வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். துறைமுகத்தில் வந்து தெரிந்துகொண்டால் அதைத் தாமதம் என்று சொல்ல முடியாது.

அப்புறம் பெயர். அப்பா பெயரின் முதலெழுத்தை இன்ஷியலாகப் போட்டு வளர்ந்த நமக்கு, பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் அது குடும்பப்பெயர் இடத்தில் போய் உட்கார்ந்து, முதற்பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’ (முதற்பெயர் தெரியவில்லை) என்று வந்திருக்கும். க்ரூஸ் புக் செய்யும்போது அழகாக இன்ஷியலை விரித்துப் போட்டால் பட்டியலில் ஒரு பெயர், விசாவில் ஒரு பெயர். கப்பல் ஏறும்போது எப்படியோ சமாளித்து ஏறிவிடுவீர்கள், இறங்கும்போது கணினி முழிக்கும். ஆன்லைன் செக்-இன்னில் பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். முடியாத மாதிரிப் படிவம் இருந்தால் கம்பெனிக்குப் போன் போட்டுத் திருத்தச் சொல்லுங்கள்.

சரி, வாங்கிய பொருட்கள். அமெரிக்காவில் வசிப்பவர் ஒருவருக்கு 800 டாலர் வரை வரி கிடையாது, ஒரு தடவை பயன்படுத்தினால் அடுத்த 30 நாளைக்கு அந்தச் சலுகை முழுதாகக் கிடைக்காது. ஒரே வீட்டில் வசிக்கும் குடும்பம் சேர்த்துச் சொல்லலாம், நாலு பேர் என்றால் 3,200, கைக்குழந்தையும் கணக்கில் வரும். செயின்ட் தாமஸ் அமெரிக்க வர்ஜின் தீவுகளைச் சேர்ந்தது, அங்கே வாங்கியிருந்தால் ஒருவருக்கு 1,600 வரை, ஆனால் அந்த 1,600-க்குள் மற்றத் தீவுகளில் வாங்கியது 800-ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் பெரிய இடி ஒன்றும் விழாது, பொதுவாக அடுத்த 1,000 டாலருக்கு 3 சதவீதம்தான். நூறு டாலர் மிஞ்சினால் மூன்று டாலர். அந்த மூன்று டாலருக்குப் பயந்து மறைத்துவிட்டு, பெட்டியைத் திறக்கச் சொல்லி ஒரு மணி நேரம் நிற்பவர்களைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ரசீதை எல்லாம் ஒரு உறையில் போட்டுக் கையில் வையுங்கள். பல இடங்களில் இப்போது தாள் படிவம் தருவதில்லை, வாயால் கேட்பார்கள், வாயால் சொன்னாலும் அது வாக்குமூலம்தான்.

நகை விஷயம் கொஞ்சம் தனி. தாலிக்கொடியும் நாலு வளையலும் போட்டுக்கொண்டு போய் அதையே போட்டுக்கொண்டு வருகிறீர்கள், பிரச்சினை வருவது அபூர்வம். ஆனால் செயின்ட் மார்ட்டன் தீவின் பிலிப்ஸ்பர்க் நகைக்கடைத் தெருவிலும் ஏறி இறங்கிவிட்டு, கழுத்தில் கனமாக இந்தியாவில் வாங்கிய ஆரமும் இருந்தால், எது எங்கே வாங்கியது என்று கேள்வி வரலாம். கிளம்பும் முன் சிபிபி அலுவலகத்தில் 4457 என்ற படிவத்தில் பதிந்துகொள்ள வழி இருக்கிறது. அது முடியாவிட்டால் பழைய ரசீதோ, மதிப்பீட்டுச் சான்றோ, பயணத்துக்கு முன் எடுத்த படமோ அச்செடுத்து வைத்திருங்கள். விலையுயர்ந்த கேமராவுக்கும் கைக்கடிகாரத்துக்கும் இதே வழிதான்.

சாராயம் பொதுவாக ஆளுக்கு ஒரு லிட்டர், 21 வயது ஆகியிருக்க வேண்டும். சில தீவுகளிலிருந்து வந்தால் கூடுதலாக அனுமதி உண்டு. கியூபா சுருட்டும் ரம்மும் நசாவிலும் கோசுமெலிலும் கடை கடையாகக் கிடைக்கும், ஆனால் 2020 செப்டம்பரிலிருந்து அவற்றைப் பெட்டியில் கொண்டுவரத் தடை, சொந்த உபயோகத்துக்கு என்றாலும் பறிமுதல்தான். ஜமைக்காவில் விற்கும் கஞ்சா மிட்டாய், எண்ணெய் பக்கமே போகாதீர்கள். உங்கள் மாநிலத்தில் சட்டப்படி சரி என்பது துறைமுகத்தில் எடுபடாது, அங்கே கூட்டாட்சிச் சட்டம். விசாவில் இருப்பவர்களுக்கு அது வாழ்க்கைப் பிரச்சினையாகிவிடும்.

சாப்பாட்டில் நம்மவர்கள் மாட்டுவது பெரும்பாலும் பழத்தில். பஃபேயில் குழந்தைக்கு என்று ஒரு ஆப்பிளை எடுத்து முதுகுப்பையில் போட்டு மறந்திருப்பீர்கள். டெர்மினலில் மேலங்கி போட்ட பீகிள் நாய் வரும், அது குரைக்காது, பாயாது, உங்கள் பைக்குப் பக்கத்தில் வந்து சமர்த்தாக உட்கார்ந்துவிடும். அவ்வளவுதான், வரிசையிலிருந்து வெளியே. பழம், காய், இறைச்சி, செடி, மண் ஒட்டிய எதுவும் சொல்லாமல் கொண்டுவந்தால் முதல் தடவைக்கே 1,000 டாலர் வரை அபராதம் போடலாம். வீட்டிலிருந்து கொண்டுபோன முறுக்கு, பருப்புப்பொடி, ஊறுகாய் மிச்சமிருந்தால் ‘சாப்பாடு இருக்கிறது’ என்று சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். தயிர்சாதத்துக்குத் தாளிக்க என்று பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோயிருந்தால் கப்பலிலேயே குப்பையில் போட்டுவிடுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை நாசமாக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வாழும் என்பதால் ஃப்ளோரிடாவில் அதற்கு நல்ல பெயர் இல்லை. கடற்கரையில் பொறுக்கிய பவளம், ஆமையோட்டுச் சீப்பு, பெரிய சங்கு இவற்றுக்கும் கேள்வி உண்டு.

வரிசையில் நிற்கும்போது எந்த வரிசை என்று பார்த்து நில்லுங்கள். பிள்ளைகள் குடிமக்கள், பெற்றோர் விசா என்ற கலப்புக் குடும்பம் என்றால் பிரிந்து நிற்காமல் வாசலில் இருக்கும் ஊழியரிடம் கேளுங்கள், ஒரே வீட்டுக்காரர்களைச் சேர்த்துத்தான் அனுப்புவார்கள். தொப்பி, கருப்புக்கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். விமானக் கம்பெனியைக் கூப்பிட வேண்டுமா, டாக்சியைத் தள்ளிப்போட வேண்டுமா, கப்பல் மேல்தளத்தில் நிற்கும்போதே முடித்துவிடுங்கள், கரையில் கட்டியதும் போனில் அமெரிக்க நெட்வொர்க் வந்துவிடும். ‘ஒன்பது மணியாகியும் இறங்கவில்லை’ என்று தெரிந்த உடனே அடுத்த விமானத்தைப் பார்க்கத் தொடங்குங்கள், விமானம் போனபிறகு தேடுகிறவர்களோடு போட்டிபோடத் தேவையில்லை.

தனியறைக்கு அழைத்தால் பதறாதீர்கள். உங்கள் பெயரே இன்னொருவருக்கும் இருக்கிறது என்பது மாதிரி அற்பக் காரணமாக இருக்கலாம். கேட்டதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்லுங்கள், ‘எனக்கு விமானம் இருக்கிறது’ என்று ஒருமுறை மரியாதையாகச் சொல்லலாம், அதற்கு மேல் சொன்னால் வேலை வேகமாகாது. ஆங்கிலம் தடுமாறும் பெற்றோரைத் தனியாக அனுப்ப வேண்டி வந்தால், கூட நிற்க அனுமதி கேளுங்கள், இல்லையென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். ஒவ்வொரு பயணத்திலும் இதே கதை என்றால், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ‘ட்ரிப்’ திட்டத்தில் ஆன்லைனில் மனு போடுங்கள். அவர்கள் தரும் எண்ணை அடுத்த முறை விமான டிக்கெட்டில் சேர்க்கலாம்.

விசாவில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கு வந்தபிறகு ஒரு வேலை பாக்கி. சிபிபி தளத்தில் ஐ-94-ஐ எடுத்துப் பாருங்கள். பாஸ்போர்ட் சீக்கிரம் முடிவதாக இருந்தால், விசா அனுமதி 2 வருடம் இருந்தாலும் பாஸ்போர்ட் முடியும் தேதி வரைதான் போட்டிருப்பார்கள், பலர் இதைக் கவனிக்காமலே நாளைத் தாண்டிவிடுகிறார்கள். விசிட்டரில் வந்த பெற்றோருக்கு ‘க்ரூஸ் போய் வந்தால் இன்னொரு ஆறு மாதம் கிடைக்கும்’ என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள், பக்கத்துத் தீவுக்குப் போய் வருகிறவர்களுக்குப் பழைய தேதியே தொடரலாம். தேதியோ விசா வகையோ தப்பாக விழுந்திருந்தால் சிபிபியின் டிஃபர்ட் இன்ஸ்பெக்‌ஷன் அலுவலகத்தில் திருத்தலாம். சில அலுவலகங்கள் மின்னஞ்சலிலேயே முடித்துவிடும், சிலவற்றுக்கு நேரில் போக வேண்டும், பாஸ்போர்ட்டும் ஐ-797-ம் எடுத்துக்கொண்டு போங்கள்.