வரி முடிவில் ஒளிந்த இடைவெளி

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகச் செல்லும் லாரிகளின் வாடகைக் கணக்கைத் தொகுக்கும் எங்கள் ஷெல் ஸ்கிரிப்ட் (கணினிக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு), புனலூர் நண்பர் திருத்தி அனுப்பிய பிறகு பாதியிலேயே நின்றது. நீண்ட கட்டளையை அடுத்த வரிக்குத் தொடரவைக்கும் பின்சாய்கோட்டுக்கு (\) பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டால், கட்டளைகளை இயக்கும் ஷெல், பின்சாய்கோட்டை வரிமுடிவோடு சேர்க்காமல் அந்த இடைவெளியோடு சேர்த்து, இடைவெளியையே கட்டளையின் பகுதியாக எடுத்துக்கொள்வதால், கட்டளை அந்த வரியிலேயே முடிந்துவிடுகிறது. அடுத்த வரி தனிக் கட்டளையாக ஓட முயன்று பிழை காட்டுகிறது. கண்ணுக்கு எதுவும் தெரியாது என்பதுதான் எரிச்சல்.

கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு பதிவாகச் சேமித்துவைக்கும் ‘கிட்’ மென்பொருளில், முந்தைய பதிவோடு ஒப்பிடும் ‘கிட் டிஃப்’ (git diff) கட்டளையைச் ‘செக்’ (--check) தெரிவுடன் இயக்கியதும், இடைவெளி ஒட்டியிருந்த கோப்பின் பெயரும் வரி எண்ணும் கிடைத்தன. இடைவெளிகளை நீக்கியதைத் தனிப் பதிவாகவே வைத்தேன். வேறு திருத்தங்களோடு கலந்தால் ஒப்பீட்டில் எதையும் படிக்க முடியாது. பின்னர், எழுதும் செயலிகளுக்கான விதிகளைக் கொண்ட எடிட்டர்கான்ஃபிக் கோப்பில், சேமிக்கும்போதே வரி இறுதி இடைவெளிகளை நீக்குமாறு அமைத்தேன். எளிய குறிகளால் வடிவமைக்கும் மார்க்டவுன் உரைக் கோப்புகளுக்கு மட்டும் விலக்கு அளித்தேன். அங்கே வரியின் இறுதியில் வரும் இரண்டு இடைவெளிகள் வரிமுறிவைக் குறிக்கும்.